லண்டனிலிருந்து வந்த டூவே: திருகோணமலை வீட்டுக்கு எந்தப் போர்வை பொருந்தும்?

கேள்வி: உவர்மலையில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். லண்டனில் இருக்கும் தம்பி ஊருக்கு வந்தபோது, 10.5 டொக் என்று அச்சிட்ட டூவே என்ற தடித்த போர்வை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டில் ஓர் அறையில் மட்டும் ஏசி உண்டு. அதில் வாசகியும் கணவரும் படுக்கிறார்கள். 78 வயதான அம்மா அடுத்த அறையில் மின்விசிறியின் கீழ், நுளம்பு வலைக்குள் படுக்கிறார். விடியற்புறத்தில் கால் குளிர்கிறது என்கிறார். கொழும்பிலுள்ள மகள் ஓகஸ்ட் விடுமுறைக்கு ஏழு மாதக் குழந்தையோடு வரவிருக்கிறாள். “இந்த டூவேயைப் பாவிக்கலாமா, அல்லது குவில்ட், கவர்லெட் என்று கடையில் விற்பவற்றில் ஏதாவது வாங்க வேண்டுமா? எது எதற்கென்று விளங்கவில்லை” என்பது அவருடைய கேள்வி.

பதில்: அந்த 10.5 என்ற இலக்கத்திலிருந்தே தொடங்கலாம். ஒரு போர்வை உடற்சூட்டை வெளியே போகவிடாமல் எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் அளவே டொக். 1940களில் மான்செஸ்டரிலிருந்த ஷெர்லி நிறுவகத்தில் அது உருவானது. பிரித்தானியக் கடைகளில் பொதுவாக 4.5 டொக் கோடைக்கும், 9 முதல் 10.5 வரையானவை இளவேனிலுக்கும் இலையுதிர் காலத்துக்கும், 13.5 கடுங்குளிருக்கும் என்று விற்கப்படுகின்றன. அங்கே படுக்கையறை இரவில் 16 முதல் 18 பாகை செல்சியஸ் வரை இருப்பது வழக்கம். நமது ஊரிலோ, ஏசி இல்லாத அறை மார்கழி இரவில்கூட 24 பாகைக்குக் கீழே அரிதாகவே இறங்கும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் நள்ளிரவு தாண்டியும் சுவர்கள் பகல் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். ஆகவே உங்கள் தம்பி தந்தது தரமான பொருளாகவே இருக்கலாம். ஆனால் அது உங்கள் அறையைவிட எட்டுப் பத்துப் பாகை குளிரான ஓர் அறைக்காகச் செய்யப்பட்டது.

பாவிப்பதில்லை என்று முடிவெடுக்குமுன் அதன் ஓரத்திலுள்ள துணிச் சீட்டை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். சில டூவேகள் 4.5, 9 என்ற இரண்டு தனித்தனிப் பாகங்களைப் பொத்தானால் இணைத்து 13.5 டொக் ஆக்கப்பட்டவை. அவற்றைக் கழற்றி மெல்லியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 10.5 என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஒரே துண்டாகத்தான் இருக்கும். உள்ளே இருப்பது வாத்து இறகா, பொலியெஸ்டர் பஞ்சா என்பதையும் அதே சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வேறுபாடு பின்னர் உதவும்.

டொக் அளவு சொல்லாத ஒன்று இருக்கிறது. நித்திரையில் உடல் சூட்டை மட்டுமல்ல, இரவு முழுவதும் தோலின் வழியாக நீராவியையும் வெளிவிடுகிறது. உடலுக்கும் போர்வைக்கும் இடையிலுள்ள காற்று ஏறத்தாழ 30 முதல் 34 பாகை வரை இருக்கும்போது நாம் சுகமாக உறங்குகிறோம்; அந்தக் காற்றில் ஈரம் கூடிவிட்டால் வெப்பநிலை சரியாக இருந்தாலும் புழுக்கம் தோன்றி விழிப்பு வரும். குளிர்நாட்டின் சூடாக்கிய அறையில் காற்று உலர்ந்திருப்பதால் இந்த ஈரம் எளிதில் அகன்றுவிடும். வாடைக்காலத்துத் திருகோணமலையில் அறைக் காற்றே ஈரம் நிறைந்தது என்பதால், போர்வையும் தன் பங்குக்கு வழியை அடைத்துவிடக் கூடாது. எனவே இங்கே ஒரு போர்வையிடம் “எவ்வளவு சூடு தருவாய்?” என்று கேட்பதைவிட, “ஈரத்தை எவ்வளவு விரைவாக வெளியே விடுவாய், தோய்த்தால் எவ்வளவு விரைவாகக் காய்வாய்?” என்று கேட்பதே பயன் தரும். பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தை இழையினுள் ஏற்றுக்கொள்ளக்கூடியது. பொலியெஸ்டரில் அது அரை சதவீதத்தைக்கூட எட்டாது. மைக்ரோபைபர் என்று விற்கப்படும் விரிப்பும் பொலியெஸ்டரே. கடையில் தடவிப் பார்க்கையில் பட்டுப்போல வழுக்கும் அதுவே இரவு இரண்டு மணிக்கு முதுகில் ஒட்டிக்கொள்வதன் காரணம் இதுதான்.

இனிக் கடைப் பெயர்கள். டூவே என்பது பஞ்சோ இறகோ அடைத்த தடித்த பை. அதற்குத் தலையணைக்குப் போல ஓர் உறை போட்டே பாவிக்க வேண்டும். கம்போர்ட்டர் அதே வகைதான், ஆனால் பூவேலை அச்சிட்ட துணியிலேயே தைத்திருப்பார்கள். தோய்ப்பதென்றால் முழுவதையும் தோய்க்க வேண்டும். குவில்ட் என்பது மேல்துணி, நடுவில் மெல்லிய பஞ்சுப் படை, அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்து நெடுகத் தைத்தது. தையல் நெருக்கமாக இருப்பதால் பஞ்சு ஒரு மூலையில் போய்த் திரளாது. கவர்லெட் பெரும்பாலும் சற்றுக் கனமாக நெய்த ஒற்றைத் துணி, அல்லது மிக மெல்லிதாகத் தைத்த இரட்டைத் துணி. கட்டிலை அழகாக மூடுவதற்கென்றே பலர் அதை வாங்கி, இரவில் மடித்துக் கதிரையில் வைத்துவிடுகிறார்கள். நமது காலநிலைக்கு இந்த நான்கில் மிகவும் பொருத்தமானது பருத்திக் கவர்லெட்தான் என்பது என் துணிபு. நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து விடுதிகளுக்குப் படுக்கைத் துணிகள் தெரிவுசெய்து கொடுக்கும்போது நான் முதலில் பட்டியலில் எழுதுவது அதையே. மே முதல் செப்டெம்பர் வரையான பருவத்தில் வரும் வெளிநாட்டவர்கூடத் தடித்த கம்போர்ட்டரைச் சுருட்டி ஒரு மூலையில் வைத்துவிட்டு அதைத்தான் இழுத்துப் போர்த்துக்கொள்கிறார்கள்.

உங்கள் ஏசி அறைக்கு வருவோம். போர்வையைத் தெரிவுசெய்யுமுன் ஏசியை எத்தனை பாகையில் வைக்கிறீர்கள் என்பதை நீங்களும் கணவரும் கதைத்து முடிவுசெய்யுங்கள். 18 பாகையில் வைத்துக்கொண்டு அந்த டூவேக்குள் புகுந்து படுப்பது சுகமாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அறையைக் குளிராக்க ஒரு முறையும், அந்தக் குளிரிலிருந்து தப்பப் போர்வைக்கு ஒரு முறையுமாக இரட்டைச் செலவு செய்கிறோம். அதோடு, நடுச்சாமத்தில் மின்சாரம் நின்றுவிட்டால் பூட்டிய அறை சிறிது நேரத்திலேயே வெக்கையாகிவிடும். தடித்த ஒற்றைப் போர்வையில் பாதியைக் கழற்ற வழியில்லை. 25 அல்லது 26 பாகையில் வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டு, பருத்திப் பெட்சீற் ஒன்றும் அதன்மேல் கவர்லெட் ஒன்றுமாக இரண்டு மெல்லிய படைகளை வைத்துக்கொண்டால், தேவைக்கேற்ப ஒன்றை நீக்கலாம். ஏசி இல்லாமல் உறங்க முடியாது, 22 பாகையாவது வேண்டும் என்று கணவர் நின்றால், சதுர மீற்றருக்கு 100 முதல் 150 கிராம் வரை பருத்திப் பஞ்சு வைத்த மெல்லிய குவில்ட் அவருக்குப் போதும். அவருக்கு மட்டும் என்பதைக் கவனிக்க வேண்டும்: ஒருவருக்கு வியர்க்கையில் மற்றவருக்குக் குளிர்வது எல்லா வீட்டிலும் உள்ளதே, ஒரு பெரிய போர்வைக்குப் பதிலாக இரண்டு ஒற்றைப் போர்வைகள் வாங்குவதே அதற்குச் சிக்கனமான தீர்வு.

அம்மாவின் பிரச்சினைக்குச் சற்று நிதானமான பதில் தேவை. உடலின் உட்சூடு விடிவதற்குச் சற்று முன்னரான மணித்தியாலங்களில்தான் மிகவும் தாழ்ந்திருக்கும். வயது போகப்போகக் கை கால்களுக்கு வரும் இரத்த ஓட்டமும் குறைகிறது. அந்த நேரத்தில் தலைக்கு மேலே மின்விசிறி முன்னிரவில் வைத்த அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவருக்கு உடல் முழுவதும் கனமான போர்வை வேண்டியதில்லை. நெஞ்சுக்கு மெல்லிதாகவும் காலுக்குத் தடிப்பாகவும் இருந்தால் போதும். கட்டிலை மின்விசிறிக்கு நேர்கீழே இருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டு இதைச் செய்து பாருங்கள். அலுமாரியில் கிடக்கும் பழைய மெல்லிய பருத்தி வாயில் சேலை ஒன்றை எடுத்து, நீளம் பாதியாகும்படி மடியுங்கள். ஐந்தரை மீற்றர்ச் சேலை என்றால் ஏறத்தாழ 2.75 மீற்றர் நீளத்துக்கு இரட்டைத் துணி கிடைக்கும்; அகலம் 36 அங்குல ஒற்றைக் கட்டிலுக்கு இரு பக்கமும் சற்று மிஞ்சி நிற்கும். கால்மாட்டில் மிஞ்சும் முக்கால் மீற்றரைத் திரும்ப மேலே மடித்தால், பாதங்களுக்கு மட்டும் நான்கு மடிப்பு வந்துவிடும். ஒரு சாண் இடைவெளியில் ஓட்டுத்தையல் போட்டுவிட்டால் துணி விலகாது. பல தடவை தோய்த்துப் பதமான சேலை என்பதால் புதுத் துணியின் விறைப்பு இருக்காது. காலையில் தோய்த்தால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். நுளம்பு வலை காற்றோட்டத்தை ஏற்கெனவே குறைப்பதால், வலைக்குள் படுப்பவருக்கு இதைவிடத் தடித்த ஒன்றைக் கொடுப்பது புழுக்கத்தையே தரும்.

அவருடைய போர்வையின் விளிம்பு தரையில் தொங்காமல் பார்த்துக்கொள்வது, சூட்டைவிட முக்கியமானது என்றுகூடச் சொல்வேன். இரவில் எழுந்து போகையில் காலில் சிக்கினால் விழுந்துவிடுவார். நீரிழிவு இருந்தால் சுடுநீர்ப் போத்தலைப் பாதத்தருகே வைக்க வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலில் சுட்டாலும் தெரியாது. ஒரு கால் மட்டும் குளிர்ந்தாலோ நிறம் மாறினாலோ அது போர்வையால் தீரும் விடயமல்ல, மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

மத்திய வீதிக் கடைகளில் வாங்கப் போகும்போது, உறையில் ஒட்டிய பெரிய எழுத்துகளை நம்ப வேண்டாம். ஆயிரம் நூல் எண்ணிக்கை என்று பெருமையாகப் போட்டிருக்கும். ஒரு சதுர அங்குலத்தில் நெடுக்காக ஓடும் பாவும் குறுக்காக ஓடும் ஊடையும் சேர்ந்த எண்ணிக்கை அது. நானூறுக்கு மேலே போகும் இலக்கங்கள் பெரும்பாலும் முறுக்கிய இழைகளைப் பிரித்து எண்ணியதால் வருபவை. 200க்கும் 300க்கும் இடையிலான, ஒன்று மேல் ஒன்று கீழ் என்று நெய்த பெர்க்கேல் பருத்திதான் இந்த ஊருக்குக் குளிர்ச்சி. சட்டீன் நெசவில் ஓர் இழை நாலைத் தாண்டி மிதப்பதால் பளபளப்பு வரும், ஆனால் துணி நெருக்கமாகிச் சூட்டைப் பிடிக்கும். துணியை வாயோடு சேர்த்துப் பிடித்து ஊதிப் பாருங்கள்: மறுபக்கத்தில் வைத்த கையில் மூச்சுப் படவேண்டும். சந்தேகமிருந்தால் விளிம்பிலிருந்து ஓர் இழையை உருவி வந்து வீட்டில் தீக்குச்சியால் கொளுத்துங்கள். பருத்தி கடதாசி எரிவது போன்ற மணத்தோடு எரிந்து, விரலில் நொறுங்கும் சாம்பலாகும். பொலியெஸ்டர் சுருங்கி உருகிக் கடினமான கறுப்பு மணியாக உறையும். கலப்புத் துணியில் இரண்டும் தெரியும். மருதமுனைப் பக்கத்துக் கைத்தறித் துணி கிடைத்தால் அதையும் இதே முறையில் பார்த்து வாங்கலாம்.

தோய்ப்பதைப் பற்றி யோசிக்காமல் படுக்கைத் துணி வாங்குபவர்களே அதிகம். கார்த்திகை, மார்கழி மழையில் ஒரு வெயில் நேரத்துக்குள் காயாத எதுவும் இந்த ஊரில் பூஞ்சணம் பிடித்துவிடும். அந்த டூவேயைச் சாதாரண வீட்டுச் சலவை இயந்திரத்தில் திணித்தால் சுழல இடமிருக்காது. நனைந்த பஞ்சு திரண்டு கட்டியாகும். இறகு என்றால் உலர்த்தும் இயந்திரம் இல்லாமல் முழுவதும் காய்வது கடினம், காயாத இறகு நாறும். ஒவ்வாமை தரும் தூசிச் சிற்றுண்ணிகளும் ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள படுக்கையிலேயே பெருகுகின்றன. 60 பாகைச் சுடுநீரில் தோய்ப்பதுதான் அவற்றைக் கொல்லும். பெட்சீற், தலையணை உறைகளை அப்படி வாரம் ஒருமுறை தோய்க்க முடியும், டூவேயை முடியாது. இன்னொன்று, கடலைப் பார்த்த பக்கத்தில் கொடி கட்டியிருந்தால் மாலைக் காற்று எழும்முன் துணிகளை எடுத்துவிடுங்கள். காற்றோடு வரும் உப்பு துணியில் படிந்தால், அந்த உப்பு இரவில் ஈரத்தை இழுத்து, நன்றாகக் காய்ந்த விரிப்பையும் பிசுபிசுக்க வைத்துவிடும்.

குழந்தைக்கு எந்தப் போர்வையும் வாங்க வேண்டாம். ஒரு வயது நிரம்பாத குழந்தை உறங்கும் இடத்தில் டூவே, குவில்ட், தலையணை எதுவும் இருக்கக் கூடாது என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. முகத்தை மூடி மூச்சுத் திணறும் ஆபத்தும் உடல் அளவுக்கு மீறிச் சூடாகும் ஆபத்தும் உண்டு. இறுக்கமான தட்டை மெத்தை, அதில் நன்கு பொருந்திய பருத்தி விரிப்பு, மல்லாக்கப் படுக்கவைத்தல்: அவ்வளவே. ஏசி அறையில் என்றால் நீளக்கைப் பருத்திச் சட்டை போடலாம். குளிர்கிறதா என்று கைவிரல்களைத் தொட்டுப் பார்க்காமல், பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் உடுப்பு கூடிவிட்டது. விருந்தினருக்கென்று அலுமாரியில் எடுத்துவைத்த விரிப்புகளுக்கிடையே நப்தலின் உருண்டை போட்டிருந்தால், மகள் வருமுன் எல்லாவற்றையும் தோய்த்து வெயிலில் போடுங்கள். பிறவியிலேயே ஒரு நொதியக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்த வாடையே செங்குருதிக் கலங்களைச் சிதைத்துக் கடும் மஞ்சட்காமாலையை உண்டாக்கக்கூடும். அந்தக் குறைபாடு வெளிப்பார்வைக்குத் தெரியாது.

தம்பியின் டூவேயை வைத்திருப்பதென்றால், அது வந்த பிளாஸ்டிக் பையில் வைக்காமல், பழைய பெட்சீற் ஒன்றில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை வெயிலில் விரித்துப் போடுங்கள். நுவரெலியாப் பக்கத்தில் உறவினர் யாராவது இருந்தால் அவர்களுக்குக் கொடுப்பது இன்னும் நல்லது. தை மாத இரவுகளில் 10 பாகை அளவுக்கு இறங்கும் அங்கே அதற்கு உரிய வேலை உண்டு. கொடுக்கும்போது உறையையும் சேர்த்துக் கொடுங்கள், ஏனெனில் பிரித்தானிய இரட்டை டூவே 200 சென்ரிமீற்றர் சதுரம். நமது கடைகளில் அந்த அளவுக்குச் சரியான உறை தேடி அலைய வேண்டியிருக்கும்.