ஐந்தாம் திகதியின் சூட்சுமம்

கேள்வி: ஆறுமுக நாவலர் (1879), ஸ்ரீ அரவிந்தர் (1950), கல்கி (1954), நெல்சன் மண்டேலா (2013) ஆகிய நால்வரும் டிசெம்பர் 5ஆம் திகதியே மறைந்தனர். சேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிசும் 1616 ஏப்பிரல் 23இல் ஒன்றாகவே மறைந்தனர். பெரியோரின் மறைவுக்கென்று காலம் சில நாட்களைக் குறித்து வைத்திருக்கிறதா?
- வாசகர் ஒருவர், கொக்குவில்.

பதில்: காலம் குறித்து வைக்கவில்லை, தாங்களே குறித்து வைத்திருக்கிறீர்கள். அடுத்த தாளைக் கிழித்துப் பார்த்திருந்தால் டிசெம்பர் 6இல் அம்பேத்கர் (1956) நிற்பதைக் கண்டிருப்பீர்கள். எந்தத் தாளிலும் யாரோ ஒரு பெரியவர் இருக்கவே செய்வார். 23 பேர் கூடிய இடத்தில் இருவருக்கேனும் பிறந்த திகதி ஒன்றாயிருக்கும் வாய்ப்புப் பாதிக்கும் அதிகம். ஏனெனில் அந்த 23 பேருக்குள் 253 சோடிகள் உண்டு.

சேக்ஸ்பியர் விடயத்தில் திகதி ஒன்று, நாள் வேறு. ஸ்பெயின் 1582இலேயே கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்தோ 1752 வரை பழைய யூலியன் நாட்காட்டியை விடவில்லை. அப்போது இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். ஆகவே சேக்ஸ்பியர் கண்மூடிய ஏப்பிரல் 23, ஸ்பெயின்காரரின் கணக்கில் மே 3 ஆகும். செர்வாண்டிசு மறைந்ததும் 22ஆம் திகதி என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. 23 என்பது அடக்கப் பதிவேட்டில் உள்ள திகதி. உலக புத்தக நாள் இந்தத் திகதியில் கொண்டாடப்படுவதில் எமக்கு ஆட்சேபமில்லை.

வியப்பதற்குரிய ஒன்றைத் தாங்கள் விட்டுவிட்டீர்கள். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவான 1826 யூலை 4 அன்று, அதனை வரைந்த ஜெபர்சன் தமது 83ஆம் வயதிலும், அதற்காக வாதாடிய ஜோன் அடம்ஸ் தமது 90ஆம் வயதிலும் சில மணி நேர இடைவெளியில் மறைந்தனர். முதல் நாள் இரவே, நான்காம் திகதி ஆகிவிட்டதா என்று ஜெபர்சன் விசாரித்ததாகக் குறிப்புண்டு. அந்த நாளைக் காண வேண்டும் என்ற பிடிவாதமே உயிரை இழுத்து வைத்ததோ என்று ஐயுற அங்கு இடமிருக்கிறது. சில திகதிகளை மனிதரே வேண்டுமென்று இணைப்பதும் உண்டு: 1930 ஜனவரி 26இல் பூரண சுயராச்சிய நாளைக் கொண்டாடியதை நினைவில் வைத்தே இந்தியர் 1950இல் குடியரசுக்கும் அதே நாளைத் தேர்ந்தனர்.

நாவலர் பெருமானைப் பட்டியலில் சேர்த்ததுதான் எமக்குப் பொறுக்கவில்லை. அவர் சிவபதமடைந்தது பிரமாதி வருடம் கார்த்திகை 21, மக நட்சத்திரத்தில். யாழ்ப்பாணத்தில் அவருக்குக் குருபூசை நடப்பது கார்த்திகை மகத்திலேயே, டிசெம்பர் 5இல் அல்ல. அது ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டேயிருக்கும். பஞ்சாங்கம் அச்சாகும் ஊரிலிருந்தா இப்படியொரு கேள்வி வருவது? தங்கள் வீட்டுத் திவசத்துக்கு ஐயரை அழைப்பது திதி பார்த்தா, திகதி பார்த்தா?