மெல்லிசு ஷூ போட்டுட்டு காட்டுல நடக்கலாமா?

கேள்வி: அடி மெல்லிசா, கையால சுருட்டுற அளவுக்கு வளையுற பேர்ஃபுட் ஷூ வாங்கியிருக்கேன். இன்னும் ரெண்டு வாரத்துல காட்டுக்குள்ள மூணு நாள் டிரெக்கிங், டென்ட், சாப்பாடு எல்லாம் முதுகுலதான். பூட்ஸுக்குப் பதிலா இதையே போட்டுட்டுப் போகலாமா?

பதில்: வேணாங்க. இந்த தடவை பழகின ஷூவையே போட்டுட்டுப் போங்க. ஷூ மேல குறை சொல்லல, ரெண்டு வாரம் பத்தாது, அவ்வளவுதான். நாம வழக்கமா போடுற ரன்னிங் ஷூ நிறையத்துல குதிகால் பக்கம் முன்பக்கத்தை விட 10, 12 மில்லிமீட்டர் உயரமா இருக்கும், வருஷக்கணக்கா அதுலயே நடந்து கெண்டைக்கால் தசையும் அதைக் குதிகாலோட சேர்க்குற தசைநாரும் அதுக்குப் பழகிப்போயிருக்கும், திடீர்னு தட்டையான ஷூவுக்கு மாறினா ஒவ்வொரு அடிக்கும் அது ரெண்டும் கூடுதலா இழுபடும். இதுல தசை சீக்கிரம் தேறிடும், எலும்புதான் மெதுவா வரும். 2013-ல வந்த ஒரு ஆய்வுல ஓட்டப் பயிற்சி பண்றவங்களை 10 வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா அஞ்சு விரலும் தனித்தனியா இருக்குற ஷூவுக்கு மாத்திட்டு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தாங்க, பாதிக்குக் கொஞ்சம் மேலயே பேருக்கு பாத எலும்புக்குள்ள வீக்கம் கூடியிருந்துச்சு. அது ஓட்டம், உங்களது நடைதான், ஆனா உங்களுக்கு முதுகுல மூட்டை இருக்கே!

பயணம் முடிஞ்சு வந்து நிதானமா ஆரம்பிங்க. முதல்ல வீட்டுக்குள்ள, அப்புறம் பக்கத்துல ஒரு கால்மணி நேரம், அப்புறம் மண் பாதை, பை இல்லாம. சில மாசம் ஆகும், ஆகட்டும். கெண்டைக்கால் முழுக்க பரவலா வலிச்சு ரெண்டு நாள்ல அடங்கினா அது தசை வலி, பயப்பட வேணாம். ஆனா பாதத்து மேல்பக்கம் ஒரு விரலால அழுத்துறப்போ குறிப்பா ஒரே இடத்துல சுரீர்னு வலிச்சு, நடக்க நடக்க அது கூடுதுன்னா உடனே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க, எலும்புல கீறல் விழுந்திருக்கலாம்.

கேள்வி: கல்லும் முள்ளும் இருக்குற இடத்துல இந்த ஷூவால என்ன பிரயோஜனம், கணுக்கால் பிசகாதா?

பதில்: பிரயோஜனம் இருக்குங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சதே விரல் பக்கம் இருக்குற அகலம். உங்க பழைய ஷூவோட உள் அட்டையை உருவி தரையில போட்டு வெறுங்காலோட அது மேல ஏறி நில்லுங்க, சுண்டுவிரல் வெளியில வழிஞ்சா அந்த ஷூ விரல்களை நெருக்குதுன்னு அர்த்தம். மெல்லிசான அடியில வேர் மேல மிதிச்சா பாதம் அதை அப்படியே சுத்திப் பிடிக்கும், தடிச்ச அடியா இருந்தா ஓரத்துல மிதிக்கிறப்போ கால் அந்த உயரத்துல இருந்து சாயும். அதுக்காக பிசகவே பிசகாதுன்னு சொல்ல மாட்டேன், பூட்ஸ் போட்டவங்களுக்கும் பிசகத்தான் செய்யுது. ஓடை தாண்டினா சீக்கிரம் காயும், அதுவும் நல்ல விஷயம்.

முள் வேற கதை. நீளமான முள் மெல்லிசு அடியைத் துளைச்சுட்டு ஏறிடும், முள்ளுக்காட்டுக்கு இது ஆகவே ஆகாது. அதைவிட பாதத்தை வாட்டுறது கெட்டி தரையில கொட்டின உடைகல் ஜல்லிதான், மெத்துனு இருக்குற மண்ணுல கல் கொஞ்சம் உள்ள அமுங்கும், அங்க அமுங்காது. இறக்கத்துல குதிகாலை ஓங்கிக் குத்தி இறங்காதீங்க, அடியைச் சின்னதா வைங்க, கண்ணு பாதையில இருக்கட்டும். சேறு இருக்குற இடம்னா அடியில பல் இருக்குற மாடலாப் பார்த்து எடுங்க, மழமழன்னு இருந்தா வழுக்கும்.

கேள்வி: எனக்கு சுகர், பாதத்துல கொஞ்சம் மரத்துப்போன மாதிரி இருக்கு. நான் போடலாமா?

பதில்: தயவுசெஞ்சு வேணாம். கல்லு குத்துறதை பாதம் உணர்ந்து அடியை மாத்தி வைக்கிறதை நம்பித்தான் இந்த ஷூவையே செஞ்சிருக்காங்க, அந்த உணர்ச்சி குறைஞ்சவங்களுக்கு முள் ஏறினாலும் தெரியாது, புண்ணு பெருசான பிறகுதான் தெரியும். நடக்குறதை விட்டுடாதீங்க, உங்க டாக்டர் கிட்ட பாதத்தைக் காட்டி அவர் சொல்ற ஷூவைப் போடுங்க, போடறதுக்கு முன்னாடி ஷூவுக்குள்ள கையை விட்டு கல்லு கில்லு இருக்கான்னு தடவிப் பாருங்க, நடந்து முடிச்சதும் கண்ணாடி வச்சு உள்ளங்காலை முழுக்கப் பார்த்துடுங்க.