தம்பியின் மனச்சோர்வும் ஸ்ட்ரெஸ் மரபணுப் பரிசோதனையும்

வணக்கம் டொக்டர்,

என் தம்பிக்கு 34 வயது. மனச்சோர்வுக்கு எசிட்டலோப்ராம் 10 மி.கி. தொடங்கி மூன்று கிழமை. பெரிய மாற்றம் இல்லை. எச்சில் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பி, ஸ்ட்ரெஸ் ஹோர்மோன் மரபணுவைப் பார்த்து, ஒத்துவரும் மருந்தைச் சொல்வார்களாம். சம்பளத்தில் பாதிக்கு மேல் கேட்கிறார்கள். பின்னேரம் எடுத்த கோர்ட்டிசோல் இரத்தப் பரிசோதனை நோர்மல். கட்டலாமா?

– ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

கட்ட வேண்டாம். அவர்கள் சொல்லும் மரபணு பெரும்பாலும் எஃப்கேபிபி5 ஆக இருக்கும். அதன் பின்னால் உள்ள விஞ்ஞானம் உண்மையானது. அதைக் கொண்டு மருந்தைத் தெரிவுசெய்வதுதான் பிழை.

மன அழுத்தம் வரும்போது சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பி ஸ்ட்ரெஸ் ஹோர்மோனான கோர்ட்டிசோலை விடுகிறது. அதே கோர்ட்டிசோல் மூளையிலுள்ள ஏற்பிகளில் ஒட்டி, 'இனிப் போதும்' என்று சுரப்பை நிறுத்தவும் வேண்டும். எஃப்கேபிபி5 மரபணு உண்டாக்கும் புரதம் அந்த ஏற்பியோடு சேர்ந்திருந்து, கோர்ட்டிசோல் ஒட்டும் பிடியைக் குறைக்கிறது. மனச்சோர்வுள்ள பலரில் இந்த நிறுத்தம் சரியாக வேலை செய்வதில்லை.

2004இல் மியூனிக்கில் எலிசபெத் பிண்டர் குழுவினர் கண்டது இதுதான்: இந்த மரபணுவில் ஓர் இடத்தில் ரி-ரி வகை (இரண்டு பிரதியிலும் 'ரி' எழுத்து) உள்ள நோயாளிகள் மற்றவர்களைவிடப் பத்து நாளுக்கு மேல் முந்தித் தேறினார்கள். ஆனால் மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்ததும் அவர்களுக்குத்தான் அதிகம். அவர்கள் எடுத்ததோ வெவ்வேறு வகை மருந்துகள். எந்த மருந்துக்கும் பொதுவாக வந்த ஒரு வேகம், இந்த மருந்தா அந்த மருந்தா என்று எப்படிச் சொல்லும்? 2013இல் மூன்று பெரிய ஆய்வுகளைச் சேர்த்து 2,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை அலசினார்கள். மருந்தின் பலனை நம்பகமாக முன்கூட்டிச் சொல்லும் ஒரு வேறுபாடும் அகப்படவில்லை. அவர்களும் ஐரோப்பிய வம்சாவளியினர். நம்மவர்களுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

கோர்ட்டிசோல் விடிய எழும்பி அரை மணி அளவில் உச்சத்துக்குப் போய், நடுச்சாமத்தில் அடிமட்டத்துக்கு இறங்கும். பின்னேரத்து ஒற்றை எண்ணில் மனச்சோர்வைப் பற்றி எதுவும் தெரியாது.

எசிட்டலோப்ராமுக்கு உண்மையில் உதவக்கூடிய மரபணு வேறொன்று: கல்லீரல் நொதியான சிஒய்பி2சி19. அது மிக வேகமாக வேலை செய்பவரில் மருந்து உடம்பில் தங்காது. மந்தமானவரில் தேங்கி நிற்கும். மந்தமானவர்கள் ஐரோப்பியரைவிடத் தெற்காசியரில் அதிகம். ஆனாலும் முதல் மருந்தின் மூன்றாவது கிழமையிலேயே அதைப் பார்க்க அவசரம் இல்லை.

தம்பி 'காஸ்ட்ரிக்' என்று ஒமிப்ரசோல் போடுகிறாரா? கொழும்பில் அதைப் பாமசியில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் ஏராளம். அது இதே நொதியைத் தடுத்து எசிட்டலோப்ராமின் அளவை ஏற்றும். குமட்டலும் பதற்றமும் கூடும், ஆள் பயந்து மருந்தை விட்டுவிடுவார். வீசிங்குக்குப் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து எடுத்தாரா என்றும் கேளுங்கள். அது மனநிலையையே குழப்பும், கோர்ட்டிசோல் முடிவையும் கெடுக்கும்.

குளிசை அட்டையில் மிச்சத்தை எண்ணிப் பாருங்கள். இடையில் நாள்கள் விடுபட்டிருந்தால் மூன்று கிழமை என்ற கணக்கே சரியில்லை. ஒழுங்காக எடுத்தும் நாலு கிழமையில் அசைவே இல்லாவிட்டால், வைத்தியர் 20 மி.கி.க்குக் கூட்டுவதையோ மருந்தை மாற்றுவதையோ யோசிப்பார். முழுப் பலன் தெரிய ஆறு கிழமையும் ஆகலாம். தைரொயிட், ஹீமோகுளோபின் இரண்டும் பார்த்தாகிவிட்டதா? இல்லையென்றால் அந்தக் காசில் முதலில் அவற்றைச் செய்யுங்கள். சுகமானதும் தானாக நிறுத்தக் கூடாது. பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது தம்பி விழுங்கும் எல்லா மருந்தையும், ஆயுர்வேதத் தூள் உட்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். தேசிய வைத்தியசாலையின் உளநலக் கிளினிக்கில் காசு இல்லை. அதற்குள் சாவைப் பற்றிப் பேசினாலோ, இருப்புக்கொள்ளாமல் அலைந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே கூட்டிக்கொண்டு போங்கள். இரவென்றாலும் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம்.