குனார்ட் லைன் என்ற பிரிட்டிஷ் கப்பல் கம்பெனி எப்படித் தொடங்கியது? ‘லைனர்’ என்றால் என்ன?

லைனர் என்பது குறித்த தடத்தில், குறித்த நாளில் ஓடும் கப்பல். ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். ரூட் பஸ் காலியாக இருந்தாலும் நேரத்துக்குக் கிளம்பிவிடும். லைனர் இரண்டாவது வகை.

சரி, காலியாக ஓடினால் கட்டுப்படியாகுமா? அங்கேதான் தபால் வருகிறது. பாய்மரக் கப்பல் கிளம்பும் நாளைச் சொன்னாலும், போய்ச் சேரும் நாள் காற்றின் கையில். அதனால் அட்லாண்டிக் தபாலை நீராவிக் கப்பலில் கொண்டுபோகும் ஒப்பந்தத்தை 1839-இல் பிரிட்டிஷ் அரசு சாமுவேல் குனார்டுக்குக் கொடுத்தது. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் பிறந்த வியாபாரி அவர். 1840 ஜூலை 4 அன்று அவருடைய கம்பெனியின் ‘பிரிட்டானியா’ கப்பல் இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து கிளம்பி, ஹாலிஃபாக்ஸ் வழியாக பாஸ்டன் போனது. ஆடம்பரமெல்லாம் அப்புறம் வந்ததுதான். முதலில் கம்பெனியைத் தாங்கியது தபால் பணம்.

1934-இல் குனார்ட், போட்டிக் கம்பெனியான ஒயிட் ஸ்டாருடன் இணைந்தது. 1958-இல் அட்லாண்டிக்கைத் தாண்டி ஜெட் விமானங்கள் பறக்கத் தொடங்கியதும் லைனர்களின் காலம் தேய்ந்தது. இருந்தும் குனார்டின் ‘குயின் மேரி 2’ இன்றும் அந்தத் தடத்தில் ஓடுகிறது.

டைட்டானிக்கைக் குனார்ட் கப்பல் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒயிட் ஸ்டாருடையது. உயிர் தப்பியவர்களை ஏற்றிக்கொண்ட ‘கார்பேதியா’தான் குனார்டுடையது.