பள்ளிக்கான பணத்தைச் சட்டமன்றத்தில் கேட்பது: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆளுநர் பட்ஜெட்டை அறிவித்து, பள்ளி நிதியையும் குறைத்துவிட்டார். இனி நாங்கள் பேசி என்ன பயன்?

ஆளுநர் வெளியிடுவது முன்மொழிவு மட்டுமே. பணத்தை ஒதுக்கும் அதிகாரம் சட்டமன்றத்திடம் இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குவதால், அதற்கு முந்தைய மாதங்களில் சட்டமன்ற நிதிக்குழுக்கள் பொதுமக்களின் கருத்தைக் கேட்க நடத்தும் விசாரணைகளே நாம் பேசுவதற்கான வாய்ப்பு. நியூயார்க்கில் நிதியாண்டு ஏப்ரல் 1 அன்றே தொடங்கிவிடும் என்பதால் அங்கே குளிர்காலத்திலேயே தயாராக வேண்டும். கலிபோர்னியாவில் திருத்திய பட்ஜெட் மே 14-க்குள் வந்து, ஜூன் 15-க்குள் சட்டமன்றத்தில் நிறைவேற வேண்டும். டெக்சஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டுமே நடப்பதால், ஒரு தொடரைத் தவறவிட்டவர் அடுத்ததற்கு இரண்டு ஆண்டுகள் காத்திருக்க நேரும்.

கேள்வி: வணக்கம் அம்மா. நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். எனக்கு ஓட்டு இல்லை. நான் பேசலாமா?

தாராளமாகப் பேசலாம். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியும் நீங்கள் கட்டும் வரியும் அந்த மாநிலத்தைச் சேர்ந்தவை.

கேள்வி: இரண்டு நிமிடம்தான் தருவார்களாம். அதற்குள் எதைச் சொல்வது?

என் முதல் விசாரணையில் கல்வியின் மேன்மையைப் பற்றியே முழு நேரமும் பேசினேன். குழுவினர் மரியாதையாகக் கேட்டுவிட்டு அடுத்தவரை அழைத்தார்கள். எனக்குப் பின் வந்த ஒரு தாய், மடித்து வைத்திருந்த கடிதத்தை விரித்து அதில் இரண்டு வரிகளை மட்டும் படித்தார்: அவருடைய மகனின் பேச்சுப் பயிற்சியாளர் இனி மூன்று பள்ளிகளுக்குப் பொதுவானவர், வாரம் இருமுறை நடந்த பயிற்சி ஒருமுறையாகக் குறைகிறது. பிறகு, சிறப்புக் கல்விக்கான ஒதுக்கீடு பட்ஜெட்டில் எந்த எண்ணுள்ள வரியில் இருக்கிறது என்று சொல்லி, அதைச் சென்ற ஆண்டு அளவிலாவது வைத்திருக்கும்படி கேட்டு அமர்ந்தார். அதுவரை பேனாவைத் தொடாத குழுத் தலைவர் அந்த வரி எண்ணைக் குறித்துக்கொண்டார்.

ஆகவே ஒரு பிள்ளை, ஒரு எண், ஒரு கோரிக்கை போதும். எந்த எண் என்பதுதான் உண்மையான வீட்டுப்பாடம். டெக்சஸில் ஒரு மாணவருக்கான அடிப்படைத் தொகை 2019-இல் 6,160 டாலராக நிர்ணயிக்கப்பட்டு, விலைவாசி ஏறிய ஆண்டுகள் முழுவதும் அப்படியே இருந்து, 2025-இல் 55 டாலர் மட்டுமே உயர்ந்தது. மேலும், அங்கும் கலிபோர்னியாவிலும் நிதி கணக்கிடப்படுவது பதிவேட்டில் உள்ள பெயர்களை வைத்து அல்ல, சராசரி வருகையை வைத்து. பிள்ளைகள் காய்ச்சலில் படுத்தாலும் ஆசிரியரின் சம்பளமும் மின்கட்டணமும் குறைவதில்லை என்பதை நிதிக்குழுவிடம் சொல்லத்தான் வேண்டும். எழுத்துவடிவக் கருத்துரையையும் கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள். நேரமின்மையால் உங்களை அழைக்காமல் போனாலும் அது பதிவில் நிற்கும்.

கேள்வி: இதை வாஷிங்டனில் கேட்பதுதானே முறை?

பொதுப் பள்ளிகளின் வருவாயில் ஒன்றிய அரசின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான். மீதி மாநிலமும் உள்ளூர் வரியும் தருபவை. கல்வி அமெரிக்க அரசமைப்பு உறுதியளிக்கும் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1973-இல் டெக்சஸின் சான் அன்டோனியோ பள்ளி நிதி வழக்கில் தீர்ப்பளித்தது. அதனால் போராட்டம் மாநிலங்களுக்குத் திரும்பியது. பென்சில்வேனியாவின் நிதிமுறை அம்மாநில அரசமைப்புக்கு முரணானது என்று 2023-இல் தீர்ப்பு வந்தது, அங்குள்ள பெற்றோரும் ஏழைப் பள்ளி மாவட்டங்களும் தொடுத்த வழக்கில்தான்.

கேள்வி: எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கம் லாப நோக்கற்றது. சங்கத்தின் பெயரில் பேசலாமா?

சட்டம் விதிக்கும் வரம்புக்குள் மசோதாக்களைப் பற்றிப் பேசலாம். வேட்பாளருக்கு ஆதரவாகவோ எதிராகவோ மட்டும் ஒரு சொல்லும் வரக்கூடாது.

கேள்வி: குழு எங்கள் கோரிக்கையை ஏற்றுக்கொண்டது. வேலை முடிந்ததா?

இன்னும் இல்லை. இரு அவைகளின் பட்ஜெட்டும் வேறுபட்டால், அவற்றை இணைக்கும் பேச்சுவார்த்தையில் நீங்கள் கேட்ட ஒதுக்கீடு ஒரே இரவில் காணாமல் போகலாம். 44 மாநிலங்களில் ஆளுநர் குறிப்பிட்ட ஒதுக்கீட்டை மட்டும் அடித்துவிடவும் முடியும். அதனால் உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தையும் ஆளுநர் அலுவலகத்தையும், கையெழுத்தாகும் நாள்வரை, அதே வரி எண்ணைச் சொல்லி அழைத்துக்கொண்டே இருங்கள்.