சிதறக் கூடாது என்று கட்டிய வீடு

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எங்கள் சர்ச்சின் சேகரக் கமிட்டியில் பல வருடமாக இருக்கிறேன். இரண்டு மகன்கள், ஒரு மகள். பிள்ளைகள் சிதறிப்போகாமல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று பிஎஃப் பணத்தைப் போட்டு மூன்று தளத்தில் வீடு கட்டி, வாசலில் என் அப்பாவின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறேன். கடைக்குட்டி மகள் நர்சிங் முடித்து வேலை பார்க்கிறாள். இப்போது அயர்லாந்தில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்கிறாள். குடும்ப ஜெபத்தில் பாபேல் கோபுரக் கதையை வாசித்து, "வானத்தைத் தொடப் பார்த்தவர்கள் கதியைப் பார்" என்றேன். அவள், "கோபுரம் கட்டினதுல என்னப்பா தப்பு? கடவுள் பயந்துட்டாரா?" என்று கேட்டாள். மகன்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை, எழுந்து போய்விட்டேன். பத்து நாளாக அவளோடு பேசவில்லை. ஏவாள் காலம் தொட்டு மனிதன் கெட்டது பெருமையால்தானே? ஆபிரகாம் ஒரு கேள்வியும் கேட்காமல் கீழ்ப்படிந்தானே? பெருமை பிடித்த பிள்ளைக்குக் கீழ்ப்படிதலை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

- பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: ஐயா, உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சண்டே ஸ்கூலில் எனக்கும் அதே சந்தேகம் வந்தது. எங்கள் டீச்சர் காட்டிய படத்தில் கோபுரத்தின் உச்சியில் மின்னல் இறங்கும், செங்கல் சிதறும், ஆட்கள் தலைகீழாக விழுவார்கள். பிற்பாடு வேதத்தைத் திறந்து பார்த்தால் மின்னலும் இல்லை, இடிபாடும் இல்லை. கர்த்தர் அவர்கள் பாஷையைத் தாறுமாறாக்கிச் சிதறடித்தார், அவர்கள் "நகரம் கட்டுதலை விட்டுவிட்டார்கள்" என்று மட்டும் இருக்கிறது. பாதியில் நின்ற கட்டடம். நம் ஊர்களில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறதே, அந்த மாதிரி.

கடவுள் பயந்தாரா என்றால், கதை சொல்கிறவர் அதற்கு ஒரு குறும்பான பதில் வைத்திருக்கிறார். வானத்தை அளாவும் சிகரம் என்று இவர்கள் கட்டுகிறார்கள். அதைப் பார்ப்பதற்குக் கர்த்தர் "இறங்கினார்" என்கிறது வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம் 11:5. அவ்வளவு உயரக் கட்டியும் மேலே இருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியவில்லை போலும்! உங்கள் மகன்கள் தவறான இடத்தில் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம் இதுதான்.

இந்தக் கதைக்கு மண்ணில் ஒரு தடம் உண்டு. ஈராக்கில் பாக்தாத்துக்குத் தெற்கே சுமார் 85 கிலோமீட்டரில் பாபிலோன் நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. அங்கே எதெமேனான்கி என்றொரு படிக்கட்டுக் கோபுரம் இருந்தது. வானத்துக்கும் பூமிக்கும் அடித்தளமான வீடு என்று அதற்கு அர்த்தம். ஜெர்மானியரான ராபர்ட் கோல்டவே 1899 முதல் அந்த நகரத்தைத் தோண்டினார். கோபுரத்தின் அடித்தளம் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 91 மீட்டர் இருந்திருக்கிறது. பாபேல் கதைக்குப் பின்னால் இந்தக் கோபுரத்தின் நினைவு இருக்கிறது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். "கல்லுக்குப் பதிலாகச் செங்கல்லும், சாந்துக்குப் பதிலாக நிலக்கீலும்" என்று வேதம் சொல்வது அந்த நாட்டு வழக்கம்தான். வண்டல் சமவெளியில் கல்லுக்கு எங்கே போவது? அந்தக் கோபுரத்தைத் திருப்பணி செய்த நேபுகாத்நேச்சார் ராஜா தன் கட்டடங்களின் செங்கற்களில் தன் பெயரை முத்திரையாகக் குத்தி வைத்தான். அந்தச் செங்கற்கள் இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கோபுரம் இருந்த இடத்தில் மிச்சம் ஒரு சதுரப் பள்ளமும் தண்ணீரும்தான்.

சரி, தப்பு எதில்? கோபுரக் கதை மொத்தம் 9 வசனம். நம் பழைய தமிழ் வேத மொழிபெயர்ப்பில் பெருமை என்ற சொல் அந்த ஒன்பதில் ஒன்றில்கூட இல்லை. அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை 4-ஆம் வசனத்தில் மெதுவாக வாசியுங்கள்: "நாம் பூமியின்மீதெங்கும் சிதறிப்போகாதபடிக்கு, நமக்கு ஒரு நகரத்தையும், வானத்தை அளாவும் சிகரமுள்ள ஒரு கோபுரத்தையும் கட்டி, நமக்குப் பேர் உண்டாகப் பண்ணுவோம் வாருங்கள்."

சிதறிப்போகாதபடிக்கு. இப்போது உங்கள் கடிதத்தின் நான்காவது வரியை எடுத்துப் பாருங்கள். நான் வேண்டுமென்று கோர்க்கவில்லை ஐயா, நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் சிதறக் கூடாது என்று ஒரு கட்டடம், வாசலில் ஒரு பெயர். பாபேல் கதையை எடுத்து மகள் மேல் எறிந்தீர்கள். அது வீட்டைச் சுற்றிவிட்டு உங்கள் மாடியில் வந்து விழுந்திருக்கிறது. ஜலப்பிரளயம் வடிந்ததும் கடவுள் நோவாவின் பிள்ளைகளுக்குச் சொன்னது "பூமியை நிரப்புங்கள்" என்று. இவர்கள் போக மாட்டோம் என்று உட்கார்ந்துகொண்டார்கள். கீழ்ப்படியாமை என்று ஒன்று அந்தக் கதையில் இருந்தால், அது போகாமல் இருந்ததில்தான் இருக்கிறது. போகிறேன் என்ற ஆள் அதில் யாருமே இல்லை.

உங்களைப் பெருமைக்காரர் என்று சொல்ல வரவில்லை. அந்த வசனத்தில் முதலில் வருவது பயம், பெயர் ஆசை அதற்குப் பிறகுதான். கூடப் பிறந்தவர்கள் ஆளுக்கொரு திசையாகப் போய், கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் மட்டும் பார்த்துக்கொள்வதை எத்தனை குடும்பங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பயத்துக்கு மருந்தாகச் செங்கல்லை நம்பினால் என்ன ஆகும் என்று யூத மதகுருக்களான ரபிகள் ஒரு மரபுக்கதை சொல்வார்கள். கோபுர வேலையில் ஒரு ஆள் மேலேயிருந்து விழுந்து செத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்களாம். ஒரு செங்கல் விழுந்தால் மட்டும், இதற்குப் பதில் இன்னொன்று எப்போது வந்து சேருமோ என்று உட்கார்ந்து அழுவார்களாம். பத்து நாளாக நீங்கள் மகளோடு பேசவில்லை என்று படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

ஏவாளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பாவத்தின் ஆரம்பம் பெருமை என்று ஆதித் திருச்சபையின் பெரிய ஆசிரியர் அகுஸ்தீனார் சொல்லியிருக்கிறார், ஆகவே நீங்கள் பெரிய ஆளோடுதான் நிற்கிறீர்கள். அவருக்கு இருநூறு வருடம் முந்திய இன்னொரு திருச்சபை ஆசிரியரான இரேனேயு, ஆதாமும் ஏவாளும் சிறு பிள்ளைகளைப் போல இருந்ததால் சுலபமாக ஏமாந்தார்கள் என்றார். எனக்கு இரேனேயு பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. "தேவர்களைப்போல் இருப்பீர்கள்" என்று பாம்பு ஆசை காட்டியது. அவர்கள் ஏற்கெனவே தேவசாயலில் உண்டாக்கப்பட்டவர்கள். கையில் இருக்கிற பொருளையே திரும்ப விலைபேசி விற்றுவிட்டுப் போகிறது பாம்பு! அந்தத் தோட்டத்தில் பெருமை என்று எனக்குப் படுவது பழம் தின்றதற்குப் பிறகு நடந்ததுதான். "தேவரீர் தந்த ஸ்திரீ" கொடுத்தாள் என்கிறான் ஆதாம். ஒரே வாயில் பெண்டாட்டி மேலும் பழி, கடவுள் மேலும் பழி. தப்புப் பண்ணிவிட்டேன் என்ற இரண்டு சொல் வரவில்லை.

அப்புறம் ஆபிரகாம். அவன் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிந்தான் என்கிறீர்கள். ஆதியாகமம் 12-ஆம் அதிகாரத்தில் அப்படித்தான். 75 வயதில், போ என்றதும் போகிறான். எதை விட்டுப் போகச் சொன்னார் என்று கவனித்தீர்களா? "உன் தகப்பனுடைய வீட்டையும் விட்டு". கதை அப்பனின் பக்கமிருந்து எழுதப்பட்டிருந்தால் அவன் அப்பா தேராகு உங்களுக்கு ஒரு கடிதமே போட்டிருப்பார். ஆதியாகமத்து எண்களைக் கூட்டிப் பார்த்தால், ஆபிரகாம் கிளம்பும்போது தேராகுக்கு 145 வயது, அதற்கு மேல் 60 வருடம் ஆரான் என்ற அந்த ஊரிலேயே இருந்து 205-ல் இறக்கிறார். அப்போஸ்தலர் 7:4-ல் ஸ்தேவான், தகப்பன் இறந்த பிறகே ஆபிரகாம் கிளம்பியதாகச் சொல்கிறாரே என்று நீங்கள் பிடிப்பீர்கள், கமிட்டிக்காரர் ஆயிற்றே! சமாரியரிடம் வழங்கும் ஐந்தாகமப் பிரதியில் (வேதத்தின் முதல் ஐந்து புத்தகங்கள்) தேராகு 145-லேயே இறந்துவிடுகிறார், ஸ்தேவானின் கணக்கு அதனோடு ஒத்துப்போகிறது. எந்தக் கணக்கை எடுத்தாலும் வீட்டை விட்டது விட்டதுதான். அப்படிப் போகிறவனுக்குத்தான் கடவுள் "உன் பேரைப் பெருமைப்படுத்துவேன்" என்கிறார். பாபேல்காரர்கள் செங்கல் வைத்துச் சம்பாதிக்கப் பார்த்த பெயர், ஒரே அதிகாரம் தள்ளி, வீட்டை விட்டுக் கிளம்பியவனுக்குச் சும்மா கிடைக்கிறது. நம் வேதத்தில் பெருமை என்ற சொல் அந்த இடத்தில் ஆசீர்வாதமாக வருகிறது பாருங்கள்.

இதே ஆபிரகாம் 18-ஆம் அதிகாரத்தில், கடவுள் அழிக்கப் போகிற சோதோம் நகரத்துக்காக அவரிடம் பேரம் பேசுகிறான். சோதோமில் 50 நீதிமான்கள் இருந்தால்? 45? 40? 30, 20, 10 வரை கொண்டுவந்துவிடுகிறான். "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று நேருக்கு நேராகக் கேட்கிறான். இரண்டு வசனம் தள்ளி, தான் தூளும் சாம்பலும் என்று அவனே சொல்லிக்கொள்கிறான். தாழ்மையும் கேள்வியும் ஒரே வாயிலிருந்து வருகின்றன, கடவுளும் கோபித்து எழுந்து போகவில்லை, கடைசி எண் வரைக்கும் நின்று பதில் சொல்கிறார். நோவாவோ பேழை கட்டு என்றதும் 300 முழ நீளத்தில் பேசாமல் கட்டினான். பிரளயம் முடிகிற வரைக்கும் அவன் ஒரு வார்த்தை பேசியதாக வேதத்தில் இல்லை. முதல் முதலாக வாய் திறக்கிற இடம், போதை தெளிந்து எழுந்து தன் பேரனைச் சபிக்கிற இடம்! அவன் தன் காலத்து ஜனங்களுக்காக ஒரு வார்த்தை மன்றாடவில்லையே, ஆபிரகாம் அந்நிய ஊருக்காக மன்றாடினானே என்று ரபிகள் இருவரையும் ஒப்பிட்டு ஆபிரகாமுக்குக் கூடுதல் மதிப்பெண் போடுவார்கள்.

வேதத்தில் கீழ்ப்படிதல் என்று நாம் வாசிக்கிற இடங்களில் எபிரெயத்தில் பெரும்பாலும் 'ஷமா' என்ற சொல் இருக்கும். கேட்பது என்பதுதான் அதன் அர்த்தம். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். "அவன் அப்பா பேச்சைக் கேட்பான்" என்றால் கீழ்ப்படிவான் என்றுதானே பொருள். தமிழில் இன்னொரு வசதி, கேள்வி கேட்பதும் அதே கேட்பதுதான். மகன் ஈசாக்கைப் பலியிடப் போன மோரியா மலையில் ஆபிரகாம் கேட்டான், சோதோமுக்காகவும் கேட்டான். பாபேலில் ஒருவர் பேச்சை ஒருவர் அறியாதபடி ஆயிற்று என்று வருகிற இடத்திலும் எபிரெயத்தில் அதே ஷமாதான். ஒரே ஊர், ஒரே கட்டடம், ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்க முடியவில்லை.

மோரியாவைச் சொன்னதால் ஒன்று. ஈசாக்கு வாய் பேசாமல் போனான் என்று நம் பிரசங்கங்களில் சொல்வார்கள். அவனும் கேட்டான்: நெருப்பு இருக்கிறது, கட்டை இருக்கிறது, "ஆட்டுக்குட்டி எங்கே?" ஆபிரகாமும் பதில் சொன்னான், எழுந்து போகவில்லை. ஆனால் மலையிலிருந்து இறங்கிய பிறகு அந்த அப்பாவும் மகனும் பேசிக்கொண்டதாக வேதத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. அதற்குப் பிறகு ஈசாக்கு அப்பன் அருகில் இருப்பதாக நாம் வாசிக்கிற இடம், அப்பனை அடக்கம் பண்ணுகிற இடம்தான். இதை வைத்து உங்களைப் பயமுறுத்தவில்லை. பத்து நாள் என்பது இன்னும் சின்னக் கணக்கு என்பதற்காகச் சொன்னேன்.

இன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் 18-ஆம் அதிகாரத்தை எடுங்கள், அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் அன்றைக்குப் பதில் தெரியாமல்தான் எழுந்து போனேன் என்று சொல்லிவிடுங்கள், பையன்களும் இருக்கும்போதே. பிறகு நீங்கள் கேளுங்கள், கேட்பதற்கு நிறைய இருக்கிறது. எந்த ஊர், எந்த மருத்துவமனை, ஒப்பந்தம் எத்தனை வருடம், தங்குவதற்கு இடம் தருகிறார்களா, அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு முடிந்துவிட்டதா, நடுவில் ஏஜென்ட் இருந்தால் அவர் நம் அரசிடம் பதிவு பெற்றவரா, அவருக்கு எவ்வளவு கொடுத்தாள், ரசீது எங்கே. வேலைக்கான கடிதத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் படியுங்கள். முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கண், ஏதாவது கோளாறு இருந்தால் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். அப்படிக் கோளாறு தெரிந்தால் தாராளமாகத் தடுங்கள். அப்போது அவளிடம் காட்டக் கையில் காரணம் இருக்கும், பாபேல் தேவைப்படாது.

கடிதத்தின் ஓரத்தில், மூன்றாம் தளத்தை வாடகைக்கு விட்டுவிடலாமா என்றும் பென்சிலில் கேட்டிருந்தீர்கள். இந்த வருடம் வேண்டாம். லீவில் வந்தால் அவளுக்கு இறங்க இடம் வேண்டும். சாவியை மட்டும் அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.