ஆறுக்கு ஆறு வென்றும் வெளியே: என்எஃப்எல் டிவிஷன் ஆட்டங்கள், கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லை இந்தப் பருவத்தில்தான் பார்க்கத் தொடங்கினேன். 17 ஆட்டங்களில் டிவிஷன் ஆட்டங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை ஆரவாரம்? எந்த வெற்றியும் வெற்றிதானே?

பதில்: கணக்கில் வெற்றி வெற்றிதான், கூடுதல் மதிப்பு எதுவும் கிடையாது. ஆனால் 32 அணிகளும் நான்கு நான்காக எட்டு டிவிஷன்களில் இருக்கின்றன. உங்கள் டிவிஷனின் மற்ற மூன்று அணிகளோடும் சொந்த மைதானத்தில் ஒன்று, அவர்கள் மைதானத்தில் ஒன்று என ஆறு ஆட்டங்கள். டிவிஷனில் முதலிடம் பிடித்தால் பிளேஆஃப், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக்அவுட் சுற்று உறுதி. அந்த இடத்துக்குப் போட்டியிடுபவரை நீங்களே வீழ்த்தினால், உங்களுக்கு ஒரு வெற்றி கூடும் அதே நாளில் அவருக்கு ஒரு தோல்வி ஏறுகிறது. மற்ற நாட்களில் அவரை வேறு யாராவது தோற்கடிக்க வேண்டுமென்று காத்திருக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் ஆறையும் வென்றுவிட்டால் கவலையில்லையா?

பதில்: 2010ஆம் ஆண்டின் ஓக்லாந்து ரெய்டர்ஸ் ரசிகர் யாரிடமும் இதைக் கேட்டுவிடாதீர்கள்! ஆறுக்கு ஆறு வென்றார்கள். அப்போது பருவத்துக்கு 16 ஆட்டங்கள். மீதிப் பத்தில் இரண்டில்தான் வெற்றி. மொத்தம் 8-8 (எட்டு வெற்றி, எட்டு தோல்வி), பிளேஆஃப் இல்லை. அதே டிவிஷனில், தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களில் 2-4 என்று தடுமாறிய கான்சஸ் சிட்டி சீஃப்ஸ், வெளியே எட்டு வென்று 10-6 கணக்கில் முதலிடம் பிடித்தது.

கேள்வி: இரண்டு அணிகள் சமமாக முடித்தால்?

பதில்: டிவிஷன் ஆட்டங்களின் உண்மையான பலம் அங்கேதான். முதலில் இருவரும் நேருக்கு நேர் மோதியதைப் பார்ப்பார்கள். அதுவும் சமமானால் டிவிஷன் கணக்கு. அதே 2010இல் சியாட்டிலும் செயின்ட் லூயிஸும் 7-9. ஆளுக்கொரு வெற்றி. டிவிஷனுக்குள் சியாட்டில் 4-2, செயின்ட் லூயிஸ் 3-3. உள்ளே போனது சியாட்டில்.

கேள்வி: தோல்வியே அதிகமுள்ள அணியை பிளேஆஃபுக்குள் விடுவது அநியாயமில்லையா?

பதில்: நியூயார்க் ஜயன்ட்ஸும் டாம்பா பேயும் அந்தப் பருவத்தில் 10-6 எடுத்து வீட்டில் இருந்தன, கோபம் நியாயமானதே. ஆனால் அடுத்த வாரமே சியாட்டில், நடப்புச் சாம்பியன் நியூ ஆர்லியன்ஸை 41-36 என வென்றது. சியாட்டில் வீரர் மார்ஷான் லிஞ்ச் பிடிக்க வந்தவர்களை உதறிக்கொண்டு 67 கெஜம் ஓடியபோது, ரசிகர்கள் குதித்த குதி நிலநடுக்கமானியில் பதிவானது. எனக்கு இந்த விதி இப்படியே இருக்கட்டும்.

கேள்வி: டிவிஷனில் முதலிடம் கிடைக்காத அணிகளுக்கான பிளேஆஃப் இடமான வைல்ட் கார்டுக்கும் டிவிஷன் கணக்கு உதவுமா?

பதில்: நேரடியாக உதவாது. வெவ்வேறு டிவிஷன் அணிகள் சமமானால், தங்களுக்குள் மோதியிருந்தால் அந்த முடிவு, இல்லையென்றால் கான்ஃபரன்ஸ் (லீகின் இரு பாதிகளில் ஒன்று) கணக்கு. ஆனால் கான்ஃபரன்ஸுக்குள் ஆடும் 12 ஆட்டங்களில் பாதி உங்கள் டிவிஷன் ஆட்டங்கள்தான்.

கேள்வி: வைல்ட் கார்டாக நுழைந்தால் என்ன குறைந்துவிடும்?

பதில்: 2024 பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு ஒரே டிவிஷனைச் சேர்ந்த மினசோட்டாவும் டெட்ராய்ட்டும் 14-2 என்று வந்தன. டெட்ராய்ட் 31-9 என வென்று தன் கான்ஃபரன்ஸில் முதலிடமும் ஒரு வார ஓய்வும் பெற்றது. 14 வெற்றி பெற்ற மினசோட்டா, நான்கு டிவிஷன் முதலிட அணிகளுக்கும் பின்னால் ஐந்தாம் இடத்துக்கு இறங்கி, 10-7 எடுத்த லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸிடம் 27-9 என்று முதல் சுற்றிலேயே தோற்றது. ஓய்வெடுத்து வந்த டெட்ராய்ட்டும் தன் முதல் ஆட்டத்திலேயே வாஷிங்டனிடம் வீழ்ந்தது வேறு கதை.